பொதி முதல் பெயிண்ட் பக்கெட் வரை: கணியம்பாடி சாலையில் வண்டிச் சுமையின் கதை

சென்ற இதழில் ஜவ்வாது மலைப் பயணம் பற்றிய கட்டுரை வந்த பிறகு, நம் வளாகத்தில் பைக் வைத்திருக்கும் இளைஞர்கள் சிலர் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். பைக்கின் இரு பக்கமும் பெட்டி மாட்ட மலிவான வழி ஏதும் உண்டா? கம்பெனிப் பெட்டி, அதைத் தாங்கும் கம்பி, பூட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பழைய மொபெட் ஒன்றையே வாங்கிவிடலாம் போலிருக்கிறது என்பது அவர்கள் ஆதங்கம். அதே வாரம் செயற்குழுக் கூட்டத்தில் வேறொரு புகார் வந்தது. காலையில் பால் கொண்டுவருபவரின் வண்டியில் இருக்கும் இரும்புச் சட்டம், நிறுத்தியிருக்கும் கார்களை உரசிவிடுமோ என்று பயமாக இருக்கிறது; இப்படிப்பட்ட வண்டிகளை இனி கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்லலாமா?

இளைஞர்கள் தேடும் பொருளும் நம்மில் சிலர் வெளியே நிறுத்தச் சொல்லும் பொருளும் ஒன்றுதான். இரண்டு சக்கரத்தின் மேல், இரண்டு பக்கமும் சமமாக, கையிலிருக்கும் காசுக்குள் சுமை ஏற்றும் கலை. அது வெளிநாட்டிலிருந்து பைக்கோடு இறங்கியது என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். 583 அடி. பாட்டுடைத் தலைவன் நன்னன், அவன் ஊர் செங்கண்மா. இன்றைய செங்கம்தான் அது. பாட்டில் வரும் நவிரமலை என்பது போளூர் அருகேயுள்ள பர்வதமலை என்பது அறிஞர்கள் சொல்வது. ஆக இது நம் மலைப் பக்கத்துப் பாட்டு. அதன் தொடக்கத்திலேயே கூத்தர்கள் மலைப்பாதையில் போகிறார்கள். முழவு, குழல் என்று இசைக்கருவிகளையும் பைகளில் போட்டுக் கட்டி, இரண்டு பக்கமும் எடை ஒத்திருக்கும்படி தோளில் காவடியாகச் சுமக்கிறார்கள். அந்தப் பைக்குப் பெயர் கலப்பை. ஏர்க்கலப்பை இல்லை, கலங்களை வைக்கும் பை. அவை தொங்குவதைப் பார்த்த புலவருக்கு ஞாபகம் வந்தது பலாக்காய்க் கொத்து.

பெரும்பாணாற்றுப்படையிலும் பலா வருகிறது. அங்கே சுமப்பது கழுதைகள். மிளகு மூட்டைகளை முதுகின் இரு புறமும் இணைத்துக் கட்டிக்கொண்டு, சுங்கம் வாங்கும் பெருவழியில் கழுதைக் கூட்டம் போகிறது. அந்த மூட்டைகளும் மரத்தில் காய்த்த பலாப்பழம் போல இருந்தனவாம். இரண்டு வேறு புலவர்கள் இரண்டு வேறு பாட்டுகளில் ஒரே உவமையைப் பிடித்ததற்குக் காரணம் எளிது. பலா அடிமரத்தை ஒட்டித் தொங்கும். கிளை நுனியில் ஆடாது. நல்ல சுமையும் அப்படித்தான் இருக்க வேண்டும்: உடம்போடு ஒட்டி, தாழ்வாக, ஆடாமல்.

இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் பொதி. பொதிமாடு, பொதிக்கழுதை என்று சொல்லும்போதே இரண்டு பக்கமும் சமம் என்பது அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு பக்கப் பொதி என்று எதுவும் கிடையாது. ஒரு பக்கம் மட்டும் ஏற்றினால் மாடு நடக்காது. ஆங்கிலத்தில் பைக்கின் பக்கப் பெட்டிக்குப் ‘பானியர்’ என்கிறார்கள். அதுவும் கழுதையிலிருந்து இறங்கி வந்த சொல்தான். பிரெஞ்சில் கூடை, அதற்கும் முன்பு லத்தீனில் ரொட்டிக் கூடை. உலகம் முழுக்க மோட்டார் சைக்கிளுக்குச் சுமை ஏற்றக் கற்றுக்கொடுத்தது கழுதை என்று சொன்னால் தப்பில்லை.

ஜவ்வாது மலையிலிருந்து புளி, கடுக்காய், தேன், சாமை எல்லாம் சமவெளிச் சந்தைக்கு வந்தது தலைச்சுமையாகவும் பொதியாகவும்தான். வண்டிப்பாதை பின்னால் வந்தது. விழுப்புரத்துக்கும் காட்பாடிக்கும் இடையே மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிய பிறகும், மலையடிவாரத்திலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் சரக்கை யாராவது சுமந்துதானே ஆக வேண்டும்.

அந்த வேலையைப் பிறகு சைக்கிள் எடுத்துக்கொண்டது. 1949-இல் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ் என்று நம் அப்பாக்கள் பெயர் சொல்லி அழைத்த வண்டிகள் அங்கிருந்து வந்தன. சைக்கிளோடு வரும் கேரியர் ஓர் ஆளை உட்கார வைக்கத்தான் போதும். வியாபாரி முதல் வேலையாக அதைக் கழற்றிவிட்டு, பட்டறையில் அகலமான இரும்புக் கேரியர் அடித்துப் போட்டுக்கொள்வார். கனத்தைத் தாங்க இரட்டைக் கால் ஸ்டாண்டு. தபால்காரருக்குக் காக்கிப் பை. மற்றவர்களுக்குக் கோணிச் சாக்கு, அதோடு மண்ணெண்ணெய் டின்.

அந்த டின்னைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். நான்கு காலன், அதாவது 18 லிட்டர் சொச்சம் பிடிக்கும் சதுரத் தகர டின். மண்ணெண்ணெய் தீர்ந்ததும் அதன் உண்மையான வாழ்க்கை தொடங்கும். மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு மரக்கட்டை அடித்தால் தண்ணீர் எடுக்கலாம். படுக்க வைத்து வெட்டினால் கடலை வியாபாரியின் பெட்டி. இரண்டு டின்னைக் கேரியரின் இரு புறமும் கம்பியால் கட்டினால் சைக்கிளுக்கு ஒரு ஜோடிப் பெட்டி. சதுரமாக இருப்பதால் சக்கரத்தோடு ஒட்டி நிற்கும், உருளாது. இன்றைக்கு அந்த இடத்தில் 15 கிலோ சமையல் எண்ணெய் டின் இருக்கிறது.

இனி நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம். கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கும் கம்மவான்பேட்டையை வெளியூர்க்காரர்கள் ராணுவப்பேட்டை என்றால்தான் அறிவார்கள். தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். ராணுவத்தில் இருந்து திரும்பியவர் வீட்டில் மூன்று பொருள் தவறாது இருக்கும்: கறுப்பு டிரங்குப் பெட்டி, அதில் வெள்ளைப் பெயிண்டில் பெயரும் எண்ணும், கெட்டியான கான்வாஸ் பை.

மோட்டார் சைக்கிளுக்குப் பக்கப் பை என்ற வழக்கம் பரவியதில் ராணுவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20, நார்ட்டன் 16எச் வண்டிகளின் பின்சக்கரத்துக்கு இரு புறமும் மெல்லிய இரும்புச் சட்டம் இருக்கும். அந்தச் சட்டத்தில் கான்வாஸ் பை மாட்டியிருக்கும். சட்டம் பாரத்தைத் தாங்கும். பை பொருளை மட்டும் தாங்கும். கிழிந்தால் பையை மாற்றினால் போதும். எனக்குத் தெரிந்து மலிவான சுமைக்கு இதைவிடத் தெளிவான தத்துவம் கிடையாது, இன்றைக்கும்.

ஜெர்மானியர்கள் 1937-இல் உருவாக்கிய 20 லிட்டர் பெட்ரோல் கேனையும் இங்கே சொல்லியாக வேண்டும். தட்டையாக, மூன்று கைப்பிடியோடு இருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் கைப்பற்றியதைப் பார்த்து அப்படியே நகல் எடுத்தார்கள். ‘ஜெர்ரி’ என்பது ஜெர்மானியரை அவர்கள் கேலியாக அழைத்த பெயர்; அதிலிருந்து ஜெர்ரி கேன். போருக்குப் பிறகு இந்தக் கேன்களும் தோட்டாப் பெட்டிகளும் மலைமலையாக மிஞ்சின. உலகம் முழுக்க மோட்டார் சைக்கிள்காரர்கள் அவற்றை வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டிக் கீல் வைத்துப் பெட்டியாக்கினார்கள். தோட்டாப் பெட்டிக்கு ரப்பர் வாஷர் வைத்த மூடி. எவ்வளவு மழை அடித்தாலும் உள்ளே நனையாது. இன்றுவரை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது ஏழைப் பயணியின் பெட்டி.

நம் நாட்டில் இந்திய ராணுவம் புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் கட்ட ஆரம்பித்தார்கள். ராணுவப் புல்லட்டிலும் போலீஸ் புல்லட்டிலும் பக்கப் பெட்டி இருந்தது. பென்ஷனோடு ஊர் திரும்பியவர் சொந்தப் புல்லட் வாங்கியபோது அவருக்கு அதே மாதிரி வேண்டும். டிரங்குப் பெட்டி செய்யும் தகர வேலைக்காரரிடம் அளவு சொல்லி, நாதாங்கி வைத்து, ஆங்கிளில் சட்டம் அடித்து மாட்டிக்கொண்டார். நம் பக்கத்துப் பழைய புல்லட்டுகளின் பெட்டிகளில் டிரங்குப் பெட்டியின் சாயல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். மூலைகளில் மடிப்பு, மூடியில் அதே வரி அழுத்தம், பூட்டு மாட்ட அதே வளையம்.

தோல் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இங்கே தோல் பை ஏன் பரவவில்லை என்று கேட்கலாம். அமெரிக்கப் படங்களில் குதிரைச் சேணத்துப் பை அப்படியே மோட்டார் சைக்கிளுக்கு வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே பருவமழையில் தோல் பூஞ்சை பிடிக்கும், எண்ணெய் போட்டுப் பராமரிக்க வேண்டும். ரெக்ஸினும் தார்ப்பாயும் அதைக் கேட்பதில்லை.

இதெல்லாம் முன்கதை. உண்மையான புரட்சி நடந்தது புல்லட்டில் இல்லை.

1980-இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய முதல் இந்திய மொபெட். 50 சி.சி. எஞ்சின், கியர் கிடையாது, பெடல் மிதித்தால் கிளம்பும். கல்லூரி மாணவரும் ஆசிரியரும் அலுவலகக் குமாஸ்தாவும் வாங்குவார்கள் என்று நினைத்திருப்பார்கள், வாங்கவும் செய்தார்கள். ஆனால் அந்த வண்டியைக் கண்டுபிடித்தவர் வியாபாரிதான். சைக்கிளில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருந்தவருக்கு அது எஞ்சின் வைத்த சைக்கிள். பழைய கேரியர் யுக்திகள் எல்லாம் அப்படியே பொருந்தின. அதன் வழித்தோன்றல்தான் எக்ஸ்.எல். சூப்பர், பிறகு எக்ஸ்.எல். ஹெவி டியூட்டி, 2015-இல் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினோடு வந்த எக்ஸ்.எல். 100. வியாபாரிகள் பட்டறையில் செய்துகொண்டிருந்ததைக் கம்பெனி கவனித்திருக்கிறது என்பது கடைசி மாடலைப் பார்த்தாலே தெரியும். முன்னால் மூட்டை வைக்கத் தோதான அகலத் தளம், நினைத்தபோது கழற்றி வைக்கக்கூடிய பின் இருக்கை. கேரளத்தில் மீன் வியாபாரிகள் பஜாஜ் எம்80-ஐ இப்படித்தான் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள்.

பெரிய மோட்டார் சைக்கிளைவிட எக்ஸ்.எல். ஏன் நன்றாகச் சுமக்கிறது? வலிமையில் அது பக்கத்திலேயே வராது. ஆனால் மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவரின் முழங்கால்களுக்கு நடுவே பெட்ரோல் டேங்க் இருக்கிறது. ஆகவே சுமை முழுவதும் அவருக்குப் பின்னால், பல சமயம் பின் அச்சுக்கும் பின்னால் போகிறது. முன்சக்கரம் லேசாகும், ஹேண்டில்பார் ஆட ஆரம்பிக்கும். எக்ஸ்.எல்.லில் டேங்க் இருக்கும் இடம் காலி. ஐம்பது கிலோ அரிசி மூட்டை அங்கே, இரண்டு அச்சுக்கும் நடுவே, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் உட்கார்ந்துவிடும். மலைபடுகடாம் புலவர் பார்த்தால் பலா சரியாகக் காய்த்திருக்கிறது என்பார்.

கணியம்பாடியில் நெடுஞ்சாலையோரம் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாகத் தூத்துக்குடி வரை போகும் 38-ஆம் எண் சாலை இது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகும் வண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு தனி வடிவமைப்பு. பூ வியாபாரிக்கு எடை இல்லை, கன அளவுதான். ஈரத் துணி சுற்றிய மூட்டை பின்னால் உயரமாக நிற்கும். கீரைக்காரருக்கு மூங்கில் தட்டு. கத்திரிக்காய், தக்காளிக்குப் பிளாஸ்டிக் டிரே, ஒன்றின்மேல் ஒன்றாக. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைக் கோணியில் அழுத்திக் கட்டி ஓட்டிப் பார்த்தால் டிரேயின் அருமை தெரியும். பலாப் பருவத்தில் மலையிலிருந்து இறங்கும் வண்டிகளில் சாக்கின் இரு முனையிலும் இரண்டு பழம். உவமை பொருளாகவே வந்துவிடும்.

பால் வண்டிதான் இவற்றில் உச்சம். பால் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.03 கிலோ. 40 லிட்டர் அலுமினியக் கேன் நிறைந்தால் பால் மட்டும் 41 கிலோ. பக்கத்துக்கு ஒன்று என்றால் 82 கிலோ, கேனின் எடை தனி. பின்னிருக்கையில் ஒரு கனத்த ஆள் உட்கார்ந்தது போல. ஆனால் ஆள் வளைவில் உங்களோடு சாய்வார். பால் சாயாது, அலையும். நிறைந்த கேனைவிட அரைக் கேன்தான் ஆபத்து. பிரேக் பிடித்தால் பால் முன்னால் போய் மோதித் திரும்பும். வண்டி இரண்டு முறை உதைக்கும். அனுபவசாலிகள் ஒரு கேனை முழுதாகக் காலி செய்துவிட்டு மறு கேனைத் தொடமாட்டார்கள். ஒவ்வொரு தெருவிலும் மாற்றி மாற்றி இறக்குவார்கள். கேன் வாயில் வைக்கோல் செருகி மூடுவது பால் தளும்பாமலிருக்க. சுகாதாரம் பற்றி நம் மருத்துவ உறுப்பினர்கள் வேறு கருத்துச் சொல்லலாம்.

அந்தச் சட்டம் எப்படிச் செய்யப்படுகிறது என்று பட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். வரைபடம் கிடையாது. வண்டியை நிறுத்தி, கேனை இரு பக்கமும் ஆட்களைப் பிடிக்கச் சொல்லி, சாக்பீஸால் குறி போடுவார்கள். நம் நாட்டு வண்டிகளில் சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம். இடது பக்கம் சேலைக் கம்பி. இந்தச் சேலைக் கம்பி வேறு நாடுகளில் அநேகமாகப் பார்க்க முடியாத ஒன்று. பக்கவாட்டில் உட்காரும் பெண்களின் சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்க வைப்பது. பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி சொல்கிறது. உயிர் காக்க வந்த அந்தக் கம்பியில்தான் தமிழ்நாடு முழுக்க மளிகைப் பையிலிருந்து கோழி வரை எல்லாம் தொங்குகிறது. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தொங்க வேண்டுமென்றால் வலது பக்கம் சைலன்சர் சூடு தடுக்கிறது. ஆகவே பால் சட்டம் இருக்கைக்கு மேலே குறுக்காக ஏறி, இரண்டு பக்கமும் கொக்கியாக இறங்குகிறது. கேன் சற்று உயரே போய்விடும். அது அந்த வடிவமைப்பின் குறை. கேனின் அடியில் வளைத்த பட்டை ஒன்று வைத்து ஆடாமல் பிடித்து அதைப் பாதி சரிசெய்கிறார்கள்.

கம்பியைப் பற்றி ஒரு கணக்கு. பட்டறைக்காரர்களுக்கு மனப்பாடம்: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 10 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.62 கிலோ, 12 மி.மீ. கம்பி 0.89. நான்கு மீட்டர் பிடிக்கும் சட்டத்தில் வித்தியாசம் ஒரு கிலோ சொச்சம்தான். பால்காரர் 12 கேட்பார். வாரக் கடைசியில் மலைக்குப் போகும் நம் இளைஞர்களுக்குப் 10 போதும். கம்பி கிலோ கணக்கில்தான் விற்கிறது என்பதால் வீட்டிலேயே செலவைப் போட்டுப் பார்த்துக்கொண்டு போகலாம்.

இப்போது மேற்கே என்ன நடந்தது என்று சுருக்கமாக. 1978-இல் இத்தாலியின் பிரேஷா பக்கத்தில் ஜூசெப்பே விசென்சி என்ற முன்னாள் பந்தய வீரர் ஜிவி நிறுவனத்தைத் தொடங்கினார். பூட்டிக் கழற்றும் பிளாஸ்டிக் பெட்டிகள் உலகெங்கும் போயின. 2004-இல் நடிகர்கள் யுவான் மெக்ரிகரும் சார்லி பூர்மனும் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கி நியூயார்க் வரை பி.எம்.டபிள்யூ. வண்டிகளில் போய்த் தொலைக்காட்சித் தொடர் எடுத்தார்கள். அதற்குப் பிறகு பைக்கின் இரு பக்கமும் பளபளக்கும் பெட்டி இல்லாவிட்டால் பயணமே இல்லை என்றொரு எண்ணம் பரவிவிட்டது. நம் இளைஞர்கள் விலை கேட்டு மலைத்தது அந்த எண்ணத்தின் கடைசிக் கண்ணி. வேடிக்கை என்னவென்றால் அதே மேற்கு நாடுகளில் காசு பார்க்கிறவர்கள் பூனைக்கு மணல் வரும் சதுர பிளாஸ்டிக் பக்கெட்டைத் தேடிப் பிடித்து, கொக்கி வைத்து மாட்டிக்கொள்கிறார்கள். நம் எண்ணெய் டின்னின் ஒன்றுவிட்ட சகோதரன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். 2020-இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, இருசக்கர வண்டியில் இலகுவான பெட்டி பொருத்த அளவு கொடுத்தது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மிகக் கூடாது. பின்னிருப்பவர் இடத்தில் பெட்டி இருந்தால் ஓட்டுபவர் மட்டுமே போக வேண்டும். பின் இருக்கைக்கும் பின்னால் இருந்தால் இருவர் போகலாம். மொத்த எடை கம்பெனி குறித்த வரம்புக்குள் இருக்க வேண்டும். வீடுவீடாகப் பொருள் கொண்டுவரும் இளைஞர்களின் பெரிய முதுகுப் பைகள் பெருகிவிட்ட காலத்தில் வந்த விதி இது. பால்காரரின் சட்டத்தை இந்த அளவுகோலால் அளந்தால் தேறாது. நாற்பது ஆண்டுகளாக ஊருக்குப் பால் கொண்டுவந்த வடிவத்துக்கு விதியில் இன்னும் இடம் இல்லை என்பது விதியின் குறையா வடிவத்தின் குறையா என்று கேட்டால், நான் பாதிப் பாதி என்பேன்.

செயற்குழுவுக்கு வந்த புகாரில் நியாயம் இருக்கிறது. சட்டத்தின் முனை காரின் கதவு உயரத்தில்தான் இருக்கிறது. ஆனால் வண்டியை வெளியே நிறுத்தினால் என்ன நடக்கும்? மூன்று பிளாக்குக்கும் கேனைக் கையில் தூக்கி வர வேண்டும். ஐந்தரை மணிப் பால் ஏழு மணிக்கு வரும், அல்லது வராது. கீழ்த்தளத்தில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் சிலர் கடைக்குப் போய்ப் பாக்கெட் வாங்கும் நிலையில் இல்லை. நான் அவரிடம் பேசினேன். சட்டத்தின் நான்கு முனையிலும் பழைய சைக்கிள் டயரை வெட்டிச் சுற்றிக்கொள்ள அவருக்கு ஆட்சேபணை இல்லை. ‘எனக்கும் முட்டி தப்பும் சார்’ என்றார். கேட்டுக்கு இடப்புறமுள்ள விருந்தினர் இடத்தைக் காலை ஐந்திலிருந்து ஏழுவரை யாரும் பிடிக்காமல் விட்டால் அவர் கார் வரிசைக்குள் நுழையவே தேவையில்லை. அடுத்த கூட்டத்தில் இதை முன்வைக்கப் போகிறேன். ஆதரிப்பவர்கள் தயவுசெய்து கூட்டத்துக்கு வாருங்கள். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் போதாது.

மலைக்குப் போகும் இளைஞர்களுக்கு, பட்டறையிலும் மார்க்கெட் வண்டிகளிலும் பார்த்ததை வைத்துச் சொல்ல முடிந்தது இவ்வளவு. வண்டியின் சேஸில் எதையும் வெல்டிங் வைக்காதீர்கள். ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட், பின் கைப்பிடி போல்ட், பின் ஃபுட்ரெஸ்ட் போல்ட் என்று ஏற்கெனவே இருக்கும் துளைகளில் சட்டத்தை முடுக்கினால் போதும். வண்டியை விற்கும்போது கழற்றி வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கச் சட்டங்களையும் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு குறுக்குக் கம்பியால் இணையுங்கள். அது இல்லாவிட்டால் குழியில் விழும்போது இரண்டும் உள்நோக்கி மடங்கும். ஸ்பிரிங் வாஷர் போடாத போல்ட் அமிர்தி போய்ச் சேர்வதற்குள் கழன்றுவிடும். சைலன்சருக்கும் பைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளியும் ஒரு தகரத் தடுப்பும் வேண்டும்.

பை தைக்க சீட் கவர் கடைக்குப் போங்கள். ரெக்ஸின் தைக்கும் கனமான தையல் மிஷின் அவர்களிடம்தான் இருக்கிறது. லாரித் தார்ப்பாயில் இரட்டைத் தையல் போட்டு, மூடியை ஒரு சாண் நீளமாக விடச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர் போட்டுக்கொண்டால் மழைக்குக் கவலையில்லை. கட்டுவதற்குக் கொக்கி வைத்த ரப்பர் கயிற்றைவிட லாரி டியூபை நீளமாக வெட்டிய பட்டை நல்லது. தெறித்தாலும் கண்ணைக் குத்தாது, பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

பெட்டிதான் வேண்டுமென்றால் பெயிண்ட் பக்கெட். வாய் அகலம், மூடியில் ரப்பர் வளையம், உடையாது. 20 லிட்டர் பக்கெட்டின் வாய் ஓரடிக்குச் சற்றுக் குறைவு. இரண்டையும் இரு பக்கம் மாட்டினால் வண்டி ஹேண்டில்பாரைவிட அகலமாகிவிடும். இடுக்கில் நுழையும்போது முன்னால் போனது பின்னால் போகாது. 10 லிட்டர் பக்கெட்டே சரி. உள்பக்கம் ஒரு பிளைவுட் துண்டு வைத்து, பெரிய வாஷரோடு இரண்டு போல்ட், மேலே இரண்டு கொக்கி, கீழே ஒரு டியூப் பட்டை. ஒன்றில் ஐந்தாறு கிலோவுக்கு மேல் வேண்டாம். கனமான டூல்ஸ் அடியில், துணி மேலே. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்து ஒத்திருக்கிறதா என்று உறுதி செய்துவிட்டு மாட்டுங்கள். முதலில் கணியம்பாடி வரை மெதுவாகப் போய்த் திரும்பி, எல்லா போல்ட்டையும் இன்னொரு முறை முடுக்கிவிட்டு அப்புறம் மலை ஏறுங்கள்.

சென்ற மாதம் பி பிளாக்குக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய காலிப் பக்கெட்டுகள் மோட்டார் அறைக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன. 10 லிட்டரில் மூடியோடு ஒன்பது தேறும். வேண்டியவர்கள் செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு இரண்டுதான்.